மாணவர் மன்றப் பொறுப்பை வாங்கிக்கொண்ட அந்த வருடம்

பள்ளி திறந்த முதல் வாரம். ஆசிரியர் கூட்டம் முடிகிற நேரம், எல்லோரும் நோட்டை மூடிக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றியபடியே, "டீச்சர், இந்த வருஷம் மாணவர் மன்றத்தை நீங்க பாத்துக்கோங்க. பசங்க உங்ககிட்ட நல்லா பேசுறாங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் என் மேசையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஊக்கு துருப்பிடித்த பேட்ஜுகள், தோளில் குறுக்காகப் போடும் சாயம் போன பட்டைகள், பாதிப் பக்கம் கிழிந்த ஒரு வரவு செலவு நோட்டு. முன்பு பொறுப்பில் இருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்று துண்டுத் தாளில்கூட எழுதி வைத்திருக்கவில்லை. எட்டு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன். அந்த வருடம் முடிவதற்குள் என் கைக்காசு பாதி மாதச் சம்பளம் அளவுக்குப் போனது. ஓய்வு வேளை என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. எல்லாவற்றையும்விட, என்னை முழுசாக நம்பிய ஒரு பையனின் மனதை நானே உடைத்தேன். யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். அடுத்து அந்த அட்டைப்பெட்டி யார் மேசைக்கு வருகிறதோ, அவர் இதைப் படிக்க வேண்டும்.

முதல் கோளாறு தேர்தலிலேயே ஆரம்பித்தது. "யாருக்கெல்லாம் லீடர் ஆகணும்?" என்று கேட்டேன், கைகள் உயர்ந்தன, பேசச் சொன்னேன், ஓட்டுப் போட்டார்கள். நன்றாகப் பேசியவர்களும் விளையாட்டில் பெயர் வாங்கியவர்களும் ஜெயித்தார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், அதில் எனக்கு இன்றும் குறையில்லை. ஆனால் வேலை என்ன என்று சொல்லாமலே ஆள் எடுத்திருந்தேன். பதினைந்து நாள் கழித்து பள்ளி மாணவர் தலைவியாக வந்த பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று கேட்டாள்: "மிஸ், அசெம்பிளியில முன்னாடி நிக்கிறதைத் தவிர நாங்க என்ன பண்ணணும்?" என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஆசிரியர் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். என் கையில் மிஞ்சியிருந்த வேலையை அவர்கள் தலையில் வைத்தேன். தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுது, ஆசிரியர் இல்லாத வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுது, வரிசையை ஒழுங்கு பண்ணு.

ஒரே மாதம்தான். அந்தப் பிள்ளைகள் நடந்து வந்தால் தாழ்வாரத்தில் பேச்சு நின்றுபோனது. துணைத் தலைவனின் டெஸ்கில் யாரோ காம்பஸ் முனையால் 'போலீஸ்' என்று கீறி வைத்திருந்தார்கள். அவன் அதன்மேல் நோட்டைப் பரப்பி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கஷ்டம் என்றால் எந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றணுமோ, அதே பிள்ளையைக் கண்டு எல்லோரும் விலகிப்போகும்படி செய்துவிட்டேன். கண்காணிப்பது பெரியவர்களின் வேலை. சம்பளம் வாங்குகிற நாம் செய்ய வேண்டியது அது. ஒரு லீடரிடம் பெயர்ப் பட்டியல் கேட்கிற அன்றைக்கே அவன் தன் வகுப்புக்கு அந்நியனாகிவிடுகிறான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேடித்தேடிப் படித்தபோது ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யூனிசெஃபுக்காக எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றித் தெரிந்தது. பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக அவர் காட்டுகிறார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது முதல் படி, அலங்காரத்துக்கு நிறுத்தி வைப்பது இரண்டாவது, பேருக்குக் கருத்துக் கேட்பது மூன்றாவது. பேட்ஜ் குத்தி மேடையோரம் நிற்கவைத்த என் மன்றம் எந்தப் படியில் இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஏணியின் உச்சிப்படிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிள்ளைகள் தாங்களே தனியாக நடத்துவதுதான் உச்சியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஹார்ட் அதை ஏழாவது படியில் வைக்கிறார். எட்டாவது, பிள்ளைகள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது.

அதைப் படித்த வாரமே மன்றக் கூட்டத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் பள்ளிக்கூடத்துல தினமும் உங்களைக் கஷ்டப்படுத்துற ஒரு விஷயம் சொல்லுங்க." கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: பெண்கள் கழிவறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனாலேயே பல பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "போன வருஷத்துலேருந்து மிஸ்." எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இத்தனை பெண் ஆசிரியர்கள் இருக்கிறோம், எங்கள் கழிவறை தனி என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றே அலுவலகத்தில் சொன்னேன், மறுநாள் மாலைக்குள் உதவியாளர் அண்ணன் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மாணவர் மன்றம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பெரியவர் கண்ணில் படாததைப் பிள்ளை சொல்கிறது, பிள்ளையால் முடியாததைப் பெரியவர் செய்கிறார். 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. என் அளவில் அந்தப் பிரிவு அந்த இரண்டு தாழ்ப்பாள்தான்.

ஒரு சின்ன யோசனை. பிள்ளைகள் சொல்லும் முதல் விஷயத்தை எப்படியாவது ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொடுங்கள், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. முடியாது என்றால், ஏன் முடியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் விஷயம் கிடப்பில் போனால் இரண்டாவது விஷயம் உங்களிடம் வராது.

இனி பணம். இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கலைவிழாவுக்கு வகுப்புவாரியாகப் பணம் திரட்டினோம். மன்றப் பொருளாளன் அதிகம் பேசாத பையன், கணக்கில் புலி. வகுப்பு லீடர்கள் உறையில் போட்டுக் கொடுப்பார்கள், அவன் நோட்டில் குறித்துக்கொண்டு, பையில் வைத்திருந்து, சாயங்காலம் என் பீரோவில் வைப்பான். ரசீது இல்லை, இரண்டாவது கையெழுத்து இல்லை. பீரோ சாவி ஸ்டாஃப் ரூமில் ஆணியில் தொங்கும். நாலாவது நாள் எண்ணிப் பார்த்தால் கணிசமாகக் குறைகிறது. மூன்று முறை எண்ணினேன். விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, தூக்கமில்லை, தலைவலி. அந்த நிலையில் அவனைக் கூப்பிட்டு, மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "ஏதாவது அவசரத்துக்கு எடுத்தியாப்பா? சொல்லிடு, நான் பெருசாக்க மாட்டேன்" என்று கேட்டுவிட்டேன்.

அவன் அழவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி, என் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சாப்பாட்டு டப்பா, ஜியாமெட்ரி பாக்ஸ், ஓரம் நனைந்து உப்பிய கணக்கு நோட்டு, கைக்குட்டை. கடைசியாகப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். பென்சில் சீவல்கள் கொஞ்சம் விழுந்தன. "பாத்துக்கோங்க மிஸ்" என்றான். நான் போதும் போதும் என்று சொன்னது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. குறைந்த பணத்தை என் சம்பளத்திலிருந்து போட்டு விழாவை நடத்தினேன். பதினோரு நாள் கழித்து, மேடை வேலையைக் கவனித்த ஆசிரியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "கூடுதல் லைட்டுக்கு லைட்டுக்காரன் முன்பணம் கேட்டான் டீச்சர், நீங்க கிளாஸ்ல இருந்தீங்க, உங்க பீரோலேருந்துதான் எடுத்துக் குடுத்தேன், சொல்லணும்னு நினைச்சேன், மறந்தே போச்சு." அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் என் பக்கமே திரும்பிவிட்டது. அவர் மறந்தார், சரி. சாவியை ஆணியில் தொங்கவிட்டது யார்? கூடுதல் விளக்கு திட்டத்தில் இல்லாத செலவு என்பதால் நான் போட்ட பணம் திரும்பவில்லை. அது போகட்டும்.

பையனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றான், முகத்தைப் பார்க்காமல். அன்று இரவுதான் தோன்றியது, குற்றம் சாட்டியது பத்துப் பேர் நடுவில், மன்னிப்பு மட்டும் தனிமையிலா? மறுநாள் இடைவேளையில் அதே ஸ்டாஃப் ரூமில், அதே ஆசிரியர்கள் இருக்கும்போது அவனை வரச்சொல்லி, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவன் தலையசைத்தான். ஆனால் பொருளாளர் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். கணக்குப் பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாகப் பணத்தோடு விடாதீர்கள். எண்ணும்போது இரண்டு மாணவர், ஒரு பெரியவர். எண்ணிய இடத்திலேயே மூவர் கையெழுத்து. எண் போட்ட ரசீதுப் புத்தகம், கிழித்துக் கொடுத்ததற்கு அடிக்கட்டை. வாங்கிய பணம் அன்று மாலையே பள்ளி அலுவலகக் கணக்கில் ஏற வேண்டும், ஒரு இரவுகூடப் பிள்ளையின் பையிலோ உங்கள் பீரோவிலோ தங்கக் கூடாது. வெளியே போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எழுத்தில் ஒரு வரி, கொடுப்பவர் தலைமையாசிரியராகவே இருந்தாலும். இதெல்லாம் சந்தேகத்துக்காகச் செய்வதில்லை. பணம் குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது அந்த இடத்திலேயே சின்ன ஆளைத்தான். அந்தச் சின்ன ஆளைக் காப்பாற்றத்தான் இத்தனை கையெழுத்தும்.

இதைவிடப் பயந்த சம்பவம் ஒன்று உண்டு. இரண்டாம் பருவத்தில் மாணவர் தலைவியின் மதிப்பெண் சரிந்தது, வகுப்பில் தூங்கி வழிந்தாள். "லீடர் ஆனதும் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று ஒரு பாட ஆசிரியர் சொன்னார், நானும் பாதி நம்பினேன். உண்மையைக் கண்டுபிடித்தது எங்களில் யாரும் இல்லை, வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான். "டீச்சர், அந்தப் பொண்ணு பத்து நாளா மதியம் சாப்பிடாம மாடிப்படிக்குக் கீழ உக்காந்து அழுவுது. டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டுப் போவுது" என்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது வாய் திறக்க. "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் மிஸ், சொல்லக் கூடாது." கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி, வாழவே பிடிக்கவில்லை என்று இவளுக்கு இரவுகளில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். லீடர் அக்கா யாரிடமும் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை. பதினாறு வயதுப் பெண், தான் தூங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று விடியற்காலை இரண்டு மணி வரை போனைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறாள். என் கை சில்லிட்டுவிட்டது. நான்தானே முதல் நாள் மேடையில், "மத்தவங்க கஷ்டத்தை உங்க கஷ்டமா நினைக்கணும்" என்று பேசினேன். எங்கே நிறுத்தணும் என்று சொல்லிக் கொடுக்கவில்லையே.

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னோம், ஆலோசகரை வரவழைத்தோம், பெற்றோர் வந்தார்கள். அவர்கள் வரும்வரை அந்தச் சின்னப் பெண்ணை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை. சிகிச்சை கிடைத்தது, சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினாள். "அக்கா மேல கோவம் இல்ல மிஸ்" என்று அவளே வந்து சொன்னபோதுதான் தலைவி நிம்மதியாக அழுதாள்.

இப்போது பேட்ஜ் குத்துவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு லீடரிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எதை வேண்டுமானாலும் கேள், ஆனால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் செய்யாதே. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பட்டால் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் வா, இரவானால் உன் அம்மா அப்பாவை எழுப்பு. அதற்கான வார்த்தையையும் பேசிப் பழக வைக்கிறோம். "நீ எனக்கு முக்கியம், அதனாலதான் என்னால இதைத் தனியா வெச்சுக்க முடியாது, வா, நாம சேர்ந்தே போய் மிஸ்கிட்ட சொல்லலாம்." இதை வாயால் நாலு தடவை சொல்லிப் பார்த்த பிள்ளைக்குத்தான் நேரம் வரும்போது நாக்கு வரும். அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களின் துணையோடு மாணவத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பெரிய பள்ளிகளில், பயிற்சி பெற்றவர்கள் தற்கொலை எண்ணத்தில் இருந்த நண்பரைப் பற்றிப் பெரியவரிடம் சொல்வது, பயிற்சி இல்லாதவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. ஆலோசகர் வேலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது அந்தப் பயிற்சியின் நோக்கம் இல்லை. யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் அதில் முக்கியம்.

இன்னொன்று, லீடர்களால் மட்டுமே செய்ய முடிவது. ஒரு பிள்ளையைக் கேலி பண்ணும்போது கேலி பண்ணுகிறவன் ஒருவன்தான், சுற்றி நிற்பவர்கள் பத்துப் பேர். பின்லாந்தின் ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-ல் இந்தச் சுற்றி நிற்பவர்களைப் பிரித்துக் காட்டினார்: கூடச் சேருகிறவர், சிரித்து உற்சாகம் கொடுக்கிறவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவருக்காக வருகிறவர். கிவா என்று அங்கே பள்ளிகளில் இந்த மாதிரிக் கேலியைத் தடுக்க நடக்கும் திட்டம் இதன்மேல்தான் எழுந்தது. எங்கள் லீடர்களிடம் சண்டைக்குப் போகச் சொல்வதில்லை. சிரிக்காதே, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உன்னோடு கூட்டிக்கொண்டு போ, மதியம் பக்கத்தில் உட்கார் என்கிறோம். பெயர் எழுதிக் கொடுத்த காலத்தில் நிற்காத கேலி, இதில் மெல்ல மெல்லக் குறைவதைக் கண்ணால் பார்த்தேன்.

பொறுப்பாசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். முதல் வருடம் நான் வாரத்தில் ஆறு ஏழு ஓய்வு வேளைகளை இதில் கரைத்தேன், எல்லாம் தீயணைக்கிற வேலை. இப்போது வாரம் ஒரு நாள் இருபது நிமிடம், எந்தத் தேர்வு வந்தாலும் தள்ளிப்போடாத கூட்டம். ஒவ்வொரு லீடருக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியலில் நூலகர் உண்டு, வாட்ச்மேன் அண்ணன் உண்டு, பெருக்குகிற அக்காவும் உண்டு. தினமும் யார் தாமதமாக வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை இடைவேளைதோறும் நூலகத்தில் ஒளிந்துகொள்கிறது என்பது நூலகருக்குத் தெரியும். அவர்களை யாரும் ஆசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. பருவத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் இரண்டு வருடம் போராடி வாங்கினேன். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு லீடர்களுக்குப் பருவத்தின் நடுவிலேயே பொறுப்பைக் கீழ் வகுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிடுவதும் அப்படி வந்ததுதான். வேலைப் பட்டியலை முதலில் ஒட்டிவிட்டுத்தான் பெயர் கேட்கிறோம், அதனால் மேடையில் பேச வராத பிள்ளைகளும் துணிந்து பெயர் கொடுக்கிறார்கள்.

அட்டைப்பெட்டியில் இப்போது ஒரு கோப்பும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் என்ன தப்பு நடந்தது என்று அந்த வருட மன்றமே கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகும். பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டிய அந்தச் சம்பவத்தை என் கையெழுத்திலேயே, நான் செய்த தப்பாக, முதலில் எழுதி வைத்தேன்.

அந்தப் பையன் மேல் வகுப்புக்குப் போன பிறகும் என்னிடம் அளந்துதான் பேசினான். அடுத்த ஆண்டுக் கலைவிழா சமயம், மன்ற அறைப் பக்கம் போனேன். புதிய பொருளாளராக வந்திருந்த சின்னப் பெண் உறைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்திருந்தாள். அவன் கதவோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தான்: "முதல்ல மூடி வை. யாராவது ஒரு மிஸ்ஸைக் கூப்பிடு. தனியா எண்ணாத." திரும்பியவன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் போகவில்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் திறந்து என் பக்கம் தள்ளி வைத்தான்.